உறுதியும் வேண்டும், மக்கவும் வேண்டும்!

ஒருமுறை இறுகிவிட்டால் உருகாது, கரையாது, அழியாது என்று பெயரெடுத்தது ரெசின். அதை மண்ணுக்கே திருப்பித் தர முடியுமா? முடியும் என்கிறது வேதியியல். செய்து காட்டு, அளந்து காட்டு என்கிறது சோதனைக்கூடம். சென்னையின் மேற்குப் புறநகர் இந்த இரண்டு பாடங்களையும் படித்தாக வேண்டிய நேரம் இது.

அம்பத்தூர் பக்கம் பேருந்தில் போய் வருகிறவர்களுக்கு 'வாவின்', 'டன்லப்' என்ற இரண்டு நிறுத்தங்களைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாவின், பி.வி.சி. குழாய் செய்த கம்பெனி. டன்லப், டயர் செய்த ஆலை. டன்லப்பில் ஆலைச் சங்கு ஓய்ந்து வெகுகாலமாகிறது. பெயர் மட்டும் நடத்துநர்களின் வாயில் நிலைத்துவிட்டது.

பாலிமர்களின் இரண்டு பெரும் வகைகளும் இந்த இரண்டு நிறுத்தங்களில் அடங்கிவிடுகின்றன. பழைய பி.வி.சி. குழாயை உடைத்து, அரைத்து, சூடாக்கினால் மறுபடி இளகும், இன்னொரு குழாயாகும். பழைய டயரை எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. கருகும், புகையும், அவ்வளவுதான். குழாயில் பாலிமர் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சூடு பட்டால் நழுவி ஓடும். டயரில் அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கே முடிந்துவிட்டிருக்கிறார்கள். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது நடந்தது இந்த முடிச்சுதான். இதைக் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். குறுக்குப் பிணைப்பு விழுந்த பொருள் வெந்த இட்லி மாதிரி. அதைத் திரும்ப மாவாக்க முடியாது.

மேற்குப் புறநகரின் தொழில் பெருமளவு இந்த இட்லிகளை நம்பி நடக்கிறது. பாடியிலும் அம்பத்தூரிலும் செய்யப்படும் பிரேக் லைனிங்கைப் பிடித்து வைத்திருப்பது ஃபீனாலிக் ரெசின். மோட்டார் சுருளில் ஏறும் வார்னிஷ், சர்க்யூட் போர்டில் இருக்கும் எபாக்சி, இரும்புச் சாமான்களுக்கு அடிக்கும் பவுடர் கோட்டிங், பேருந்து இருக்கை, தொட்டி, கதவு என்று விதவிதமாக வரும் எஃப்.ஆர்.பி. என்ற கண்ணாடியிழைப் பிளாஸ்டிக் வார்ப்புகள் எல்லாமே ஒருமுறை இறுகி, திரும்ப இளகாதவை.

எஃப்.ஆர்.பி. பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கைத் தாக்குவது ஸ்டைரீன் நெடி. டின்னிலிருந்து பாலியெஸ்டர் ரெசினை வாளியில் ஊற்றுவார்கள். ஊதா நிற கோபால்ட் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டுக் கலக்குவார்கள். பிறகு கேட்டலிஸ்ட். அதற்கப்புறம் கையை ஓட்டியாக வேண்டும். மோல்டின் மேல் கிளாஸ் ஃபைபரைப் பரப்பி, பிரஷ்ஷால் ரெசினை ஊறவிட்டு, ரோலரால் காற்றுக் குமிழியை விரட்டி முடிப்பதற்குள் வாளியில் மிச்சம் இருப்பது ஜெல்லாகிவிடும். தொட்டால் சுடும். கொஞ்ச நேரத்தில் கல்.

வாளியில் இறுகிய அந்தக் கட்டியையும், வார்ப்பின் ஓரத்தை அறுக்கும்போது விழும் துண்டுகளையும் என்ன செய்வது? இரும்புத் தூளுக்கு விலை உண்டு. உடைந்த பக்கெட்டுக்குக்கூட விலை உண்டு. எஃப்.ஆர்.பி. துண்டைக் காயலான் கடைக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் தலைமுறைகளுக்கும் அப்படியே கிடக்கும். ஆயுள் முடிந்த காற்றாலை இறக்கைகளை என்ன செய்வது என்று உலகம் விழிப்பதும் இதே காரணத்தால்தான்.

ரெசினை உறுதியாக்கக் கற்றுக்கொண்ட நாம், அதன் முடிவைத் திட்டமிடக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த இரண்டாவது படிப்பைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

எஸ்டரில் இருக்கிறது சூட்சுமம்

குறுக்குப் பிணைப்பு இருந்தாலே மக்காது என்று நினைப்பது தவறு. மக்குவதும் மக்காததும், முடிச்சு எதனால் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது.

கார்பனும் கார்பனும் நேரடியாகக் கோத்து உருவான முதுகெலும்பை நுண்ணுயிர்களால் எளிதில் வெட்ட முடியாது. பாலித்தீனும் பாலிஸ்டைரீனும் அப்படிப்பட்டவை. ஆனால் ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோக்கும்போது, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, எஸ்டர் பிணைப்பு உருவாகிறது. நீர் வெளியேறிப் பிறந்த பிணைப்பு, நீர் நுழைந்தால் பிரியவும் கூடும். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் எஸ்டரை வெட்டும் என்சைம்களை ஏற்கெனவே வைத்திருக்கின்றன. கொழுப்பும் எண்ணெயும் எஸ்டர்கள்தாம். அவற்றைத் தின்று செரிப்பது நுண்ணுயிர்களுக்குப் பழகிய வேலை.

எனவே வலையின் முடிச்சுகள் எஸ்டராக இருந்து, முடிச்சு அவிழ்ந்ததும் மிஞ்சும் துண்டுகள் நுண்ணுயிர் தின்னக்கூடியவையாகவும் இருந்தால், இறுகிய ரெசினும் மக்கும்.

பட்டறைகளில் ஊற்றும் சாதாரணப் பாலியெஸ்டர் ரெசினிலும் எஸ்டர் இருக்கிறதே, அது ஏன் மக்குவதில்லை? அதில் சங்கிலிக்குள் எஸ்டர் உண்டு. ஆனால் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவது ஸ்டைரீன். அது போடுவது கார்பன்–கார்பன் முடிச்சு. போதாக்குறைக்கு பென்சீன் வளையம் கொண்ட தாலிக் அமிலமும் உள்ளே இருக்கிறது. அது நீரை அண்டவிடாது. எஸ்டரை எப்படியோ வெட்டினாலும் பாலிஸ்டைரீன் துண்டுகள் மிஞ்சும். அவற்றை யாரும் தின்பதில்லை.

1847 முதல் இன்றுவரை

மக்கும் ரெசின் என்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1847-இலேயே ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ், கிளிசரினையும் டார்டாரிக் அமிலத்தையும் சூடாக்கிப் பிசின் போன்ற ஒரு பொருளைப் பெற்றார். டார்டாரிக் அமிலம் புளியில் இருப்பது. அதாவது, உலகின் முதல் செயற்கைப் பாலியெஸ்டர் ரெசின்களில் ஒன்று, நம் அடுப்படி அமிலத்திலிருந்து பிறந்தது. அப்போது அதன் பயன் யாருக்கும் தெரியவில்லை.

1907-இல் லியோ பேக்லண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட்டை உருவாக்கினார். வெப்பம் தாங்கும், மின்சாரம் கடத்தாது, அழியாது. அழியாமை அன்று பெரிய வரம். இருபதாம் நூற்றாண்டு முழுதும் அந்த வழியிலேயே ஓடியது.

திருப்பம் வந்தது மருத்துவத்திலிருந்து. உடலுக்குள் வைக்கும் பொருள் வேலை முடிந்ததும் தானே மறைந்துவிட வேண்டும் என்ற தேவை அங்கே இருந்தது. 2002-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் யாடாங் வாங், ராபர்ட் லாங்கர் குழுவினர் கிளிசரினையும் செபாசிக் அமிலத்தையும் மட்டும் கொண்டு ரப்பர் போல இழுபடும், குறுக்குப் பிணைப்புள்ள பாலியெஸ்டரைச் செய்தார்கள். எலியின் தோலுக்கடியில் வைத்தபோது 60 நாளில் முழுதும் கரைந்து மறைந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் எலும்பில் நிரப்பும் பாலிபுரோப்பிலீன் ஃபியூமரேட் என்ற மக்கும் ரெசினில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இந்தச் செபாசிக் அமிலம் எதிலிருந்து வருகிறது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டும். ஆமணக்கெண்ணெயைக் காரத்தோடு உயர்ந்த வெப்பத்தில் உடைத்தால் கிடைப்பது அது. உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளையும் நாடு இந்தியா. கிளிசரின், சோப்புத் தயாரிப்பின் உபபொருள். சிட்ரிக் அமிலம், சர்க்கரைக் கரைசலில் அஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையை வளர்த்து எடுப்பது. மூலப்பொருளுக்காகக் கச்சா எண்ணெய்க் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.

மருத்துவத்துக்கு வெளியே இதைக் கொண்டுவந்ததில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு. அங்கே காடி ரோத்தன்பர்க், ஆல்பர்ட் ஆல்பர்ட்ஸ் இருவரும் கிளிசரினும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்த ரெசினை உருவாக்கினார்கள். பிளான்டிக்ஸ் என்ற நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. சணல் வகை நாரோடு அந்த ரெசினைச் சேர்த்து அழுத்தி, நாற்காலி இருக்கைகள் செய்து சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்மிடம் நாருக்கு என்ன பஞ்சம்? பொள்ளாச்சி தென்னை நார் ஊரெல்லாம் போகிறது.

குடுவைக்குள் நடப்பது

செய்முறை கேட்க எளிது. சிட்ரிக் அமிலத்தில் அமிலக் கைகள் மூன்று. கிளிசரினில் ஆல்கஹால் கைகள் மூன்று. இரண்டையும் குடுவையில் போட்டு, கலக்கியை ஓடவிட்டு, 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் வெள்ளைப் பொடி கரைந்து பாகாகும். குமிழ்கள் எழும், அது வெளியேறும் நீர். நீர் போகப்போகப் பாகு கெட்டியாகும்.

சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. எங்கே நிறுத்துவது? நிறுத்தாமல் விட்டால் குடுவைக்குள்ளேயே ஜெல்லாகி, குடுவையோடு சேர்த்து வீச வேண்டியதுதான். நைலானைக் கண்டறிந்த வாலஸ் கரோதர்ஸ் இதற்கொரு கணக்குத் தந்திருக்கிறார். இரண்டு கை உள்ள செபாசிக் அமிலம் 3 பங்கு, மூன்று கை உள்ள கிளிசரின் 2 பங்கு என்று எடுத்தால், வினை ஏறத்தாழ 83 சதவீதம் முடியும்போது ஜெல்லாகும். நடைமுறையில் அதற்கு முன்பே ஆகிவிடும். ஆகவே கலவையிலிருந்து அவ்வப்போது துளி எடுத்து, காரக் கரைசலால் டைட்ரேட் செய்து அமில எண்ணைப் பார்க்கிறார்கள். எண் இறங்க இறங்க, வினை எவ்வளவு முடிந்தது என்று தெரியும். ஜெல் நிலைக்குச் சற்று முன்னால் அடுப்பை அணைத்து, பாகை மோல்டில் ஊற்றி, மிச்ச வினையை ஓவனில் முடிப்பார்கள். இதுதான் க்யூரிங். எம்.ஐ.டி. குழு இதற்கு 120 டிகிரியில், வெற்றிடத்தில், 48 மணி நேரம் எடுத்துக்கொண்டது.

48 மணி நேரம் என்பதை அம்பத்தூர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். ஸ்டைரீன் ரெசின் அறை வெப்பத்தில், ஒரு டீ குடித்து வருவதற்குள் இறுகிவிடுகிறது. அதற்கு ஓவன் வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம். மக்கும் ரெசின் பட்டறைக்கு வராமல் நிற்பதற்கு விலையைவிடவும் பெரிய தடை இந்த நேரம்தான். வெப்பத்தோடு அழுத்தமும் கொடுக்கும் ஹாட் பிரஸ் முறையில், மெல்லிய தகடுகளாகச் செய்யும்போது இந்த நேரம் வெகுவாகக் குறையும். நீர் எளிதில் தப்பிவிடுவதே காரணம். பிரேக் லைனிங் செய்கிறவர்களுக்கு ஹாட் பிரஸ் கைவந்த கலை. இந்த ஊரின் பலம் அங்கே இருக்கிறது.

இறுகிய பின் முதலில் பார்க்க வேண்டியது ஜெல் அளவு. ஒரு துண்டை எடைபோட்டு, கரைப்பானில் மணிக்கணக்கில் ஊறவைத்து, உலர்த்தி மறுபடி எடைபோட்டால், வலையில் மாட்டாத பகுதி கரைந்து போயிருக்கும். மிஞ்சியதே உண்மையான வலை. பிறகு இழுவிசை, கடினத்தன்மை, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வழக்கமான சோதனைகள். குறுக்குப் பிணைப்பைக் கூட்டினால் உறுதி கூடும். தண்ணீர் நுழைவது குறையும். அதனால் மக்குவதும் தாமதமாகும். குறைத்தால் விரைவில் மக்கும். மழையில் நனைந்தாலும் குழைந்துவிடும். ரெசின் செய்கிறவரின் திறமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே சரியான புள்ளியைப் பிடிப்பதில் இருக்கிறது.

தாவரத்தில் பிறந்தால் போதுமா?

இன்று சந்தையில் 'பயோ' என்ற முன்னொட்டுக்கு நல்ல விலை. அதற்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன: எதிலிருந்து செய்தது என்பது ஒன்று, எப்படி முடியும் என்பது இன்னொன்று.

முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டிக்காரர்களுக்குக் கையைப் புண்ணாக்கும் அந்த எண்ணெய் நன்றாகத் தெரியும். அதிலிருந்து வரும் கார்டனால், பிரேக் லைனிங்கில் சேர்க்கும் உராய்வுத் தூளுக்கு அருமையான மூலப்பொருள். நூற்றுக்கு நூறு மரத்திலிருந்து வந்தது. ஆனால் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து இறுகிவிட்டால் அது பேக்கலைட்டின் உறவினர், மக்காது. மறுபக்கம், பாலிகேப்ரோலாக்டோன் பெட்ரோலிய வழியில் வருவது. அது மண்ணில் மக்கும்.

இதைவிட ஆபத்தானது பாதி மக்குவது. பாலித்தீனில் ஸ்டார்ச்சைக் கலந்தால் ஸ்டார்ச்சை மட்டும் நுண்ணுயிர் தின்றுவிட்டுப் போகும். பாலித்தீன் தூளாக மண்ணில் கலக்கும். உலோக உப்புகளைச் சேர்த்து, வெயிலில் பொடியாகும்படி செய்த ஆக்சோ வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடை செய்தது. கண்ணுக்குத் தெரியாமல் போவது மக்குவதாகாது என்பதே காரணம்.

58 டிகிரியில் ஒரு தேர்வு

அப்படியானால் மக்கியது என்று எப்போது சொல்லலாம்? பொருளில் இருந்த கார்பனை நுண்ணுயிர்கள் உண்டு, கார்பன் டை ஆக்சைடாக மூச்சுவிட்டுவிட்டால் சொல்லலாம். அந்த மூச்சை அளப்பதே சோதனை. இந்தியா ஏற்றுக்கொண்டுள்ள ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரநிலையின் உயிர்நாடியும் அதுதான்.

சோதனைக்கூடத்தில் அது இப்படி நடக்கிறது. இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கலங்கள் குறைந்தது 9. ஒவ்வொன்றிலும் நன்கு முதிர்ந்து, சலித்தெடுத்த கம்போஸ்ட் உரம். மூன்று கலங்களில் சோதனைப் பொருள். உலர் எடையில் 6 பங்கு உரத்துக்கு 1 பங்கு. மூன்றில் சுத்தமான செல்லுலோஸ் பொடி. மீதி மூன்றில் உரம் மட்டும். எல்லாவற்றையும் 58 டிகிரியில், 2 டிகிரிக்கு மேல் ஏறாமல் இறங்காமல் வைத்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நீக்கிய ஈரக் காற்றை அடியிலிருந்து செலுத்தி, மேலே வெளியேறும் காற்றைப் பிடித்து, அதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று அளக்கிறார்கள். வெறும் உரம் விட்ட மூச்சைக் கழித்தால், பொருளிலிருந்து வந்தது எவ்வளவு என்று தெரியும். செல்லுலோஸ் 45 நாளில் 70 சதவீதத்தைத் தாண்டவில்லையென்றால் உரத்தில் சத்தில்லை என்று பொருள், சோதனை செல்லாது.

கணக்கு இது. கிளிசரின்–செபாசிக் ரெசினில் எடைக்கு ஏறத்தாழ 60 சதவீதம் கார்பன். 100 கிராம் முழுதும் மக்கினால் சுமார் 221 கிராம் கார்பன் டை ஆக்சைடு வர வேண்டும். அதில் 90 சதவீதம், அதாவது 199 கிராம், 180 நாளுக்குள் வந்தாக வேண்டும். வந்தால் தேர்ச்சி.

அதோடு முடிவதில்லை. பொருளை அதன் உண்மையான தடிமனில் உரத்தில் போட்டு, 12 வாரம் கழித்து 2 மி.மீ. சல்லடையில் சலித்தால், சல்லடையில் நிற்பது 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைசியாக, அந்த உரத்தில் விதை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வகைப் பயிராவது சாதாரண உரத்தில் முளைப்பதில் 90 சதவீதம் முளைத்து வளர வேண்டும். ரெசின் மறைந்து அதன் நஞ்சு மட்டும் மண்ணில் தங்கிவிட்டால் என்ன பயன் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இந்த நாற்றுகள்தாம்.

குறுக்குப் பிணைப்புள்ள ரெசினைச் சோதிப்பதில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. க்யூரிங் சரியாக முடியாத ரெசினில், வினைபுரியாத சிட்ரிக் அமிலமும் கிளிசரினும் மிச்சமிருக்கும். நுண்ணுயிர்கள் அவற்றை முதல் வாரத்திலேயே விழுங்கிவிடும். வரைபடம் கிடுகிடுவென்று ஏறும்; செய்தவர் மகிழ்ந்துபோவார். பிறகு கோடு படுத்துவிடும். வலை அப்படியே இருக்கும். அதனால்தான் ஜெல் அளவைத் தெரிந்துகொள்ளாமல் மக்கும் சோதனைக்குப் போகக்கூடாது. பூந்தொட்டி மண்ணில் புதைத்து எடை பார்க்கும் கல்லூரிச் செய்முறையிலும் இதே சிக்கல்தான். அது முதல் சல்லடையாக உதவும். எடை குறைந்தது கரைந்ததாலா, உதிர்ந்ததாலா, மக்கியதாலா என்று அது சொல்லாது. பொடியாக அரைத்துத் தேர்ச்சி பெற்ற ரெசின், 3 மி.மீ. தகடாகச் சல்லடைத் தேர்வில் தோற்கலாம். சான்றிதழை வாசிக்கிறவர் எந்தத் தடிமனுக்கு என்று கேட்டாக வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நாடு முழுக்க வேறொரு பட்டியலோடு 2022 ஜூலை 1-இல் தடை வந்தது. தரநிலைக்கு உட்பட்ட, 'கம்போஸ்டபிள்' என்று அச்சிட்ட பைகளுக்கு மாநில அரசாணை விலக்குத் தந்தது. அப்படிப்பட்ட பைகளை விற்கும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்கின்றன 2016-இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள். 2024 மார்ச்சில் வந்த திருத்தம், மக்கும் பிளாஸ்டிக் எந்தச் சூழலில் மக்கினாலும் நுண்பிளாஸ்டிக்கை மிச்சம் வைக்கக்கூடாது என்று வரையறுத்தது.

சோதனைக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1968-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் கிண்டியில்தான் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டிங் மெஷின் ஓட்டும் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். மக்கும் பிளாஸ்டிக் சோதனையும் அங்கே நடக்கிறது.

ஆனால் இந்த விதிகள் பைகளையும் பொட்டலங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எஃப்.ஆர்.பி. துண்டுக்கும், பசைக்கும், பூச்சுக்கும் அப்படிப்பட்ட கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஐரோப்பாவில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மெதுவாகக் கரையும் உரமணிகளின் மேல் பூசும் பாலிமர் பூச்சும் மக்க வேண்டும் என்று 2019-இல் இயற்றிய உர ஒழுங்குமுறையில் கெடு வைத்திருக்கிறார்கள். மண்ணில் வேண்டுமென்றே போடும் பொருள் மண்ணில் தங்கக்கூடாது என்ற நியாயம் நமக்கும் பொருந்தும்.

எந்த இடத்தில் மக்கும்?

58 டிகிரி என்பது முறையாகப் பராமரிக்கும் கம்போஸ்ட் குவியலின் சூடு. கொரட்டூர் ஏரித் தண்ணீருக்கோ, ஆவடித் தெருவோரக் குப்பைக்கோ அந்தச் சூடு கிடையாது. 17088 தேர்ச்சி பெற்ற பொருளைச் சாக்கடையில் எறிந்தால் அது சாக்கடையை அடைக்கத்தான் செய்யும். மண்ணில் மக்குமா என்று அறிய ஐ.எஸ்.ஓ. 17556 என்ற வேறு சோதனை இருக்கிறது. 20 முதல் 28 டிகிரியில், இரண்டு ஆண்டுவரை நீளக்கூடியது. கடலுக்கு வேறு. 'மக்கும்' என்று மொட்டையாக எழுதியிருந்தால், எங்கே, எத்தனை நாளில் என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

உள்ளாட்சிகளின் நுண் உர மையங்கள் இந்த இடத்தில்தான் முக்கியமாகின்றன. காய்கறிக் கழிவு சரியாகக் குவிந்து, சரியாகக் கிளறப்பட்டு, சூடு ஏறினால்தான் மக்கும் பொருளுக்குப் போக்கிடம் உண்டு. அந்த மையம் இயங்காத ஊரில் மக்கும் பிளாஸ்டிக்கும் வெறும் குப்பையே.

எதற்கு எது?

எல்லாவற்றையும் மக்கவைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது விவேகமாகாது. தண்ணீர்த் தொட்டியும் பேருந்தின் உடற்பகுதியும் இருபது ஆண்டு உழைக்க வேண்டியவை. அவை மக்கினால் ஆபத்து. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது: தேவைப்படும்போது வேதிமுறையில் முடிச்சை அவிழ்த்து மூலப்பொருளை மீட்கும் ரெசின்கள். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடம் அப்படியொரு பாலியெஸ்டர் ரெசினில் 9 மீட்டர் காற்றாலை இறக்கையைச் செய்து 2024-இல் வெளியிட்டது.

மக்கும் ரெசினுக்கு உரிய இடம், ஆயுள் குறைந்து மண்ணையே சேரும் பொருள்கள்: நாற்றுத் தொட்டி, உரமணிப் பூச்சு, கண்ணாடிச் சாமான் உடையாமல் காக்கும் பொதி, நாரையும் மரத்தூளையும் ஒட்டும் பசை. தென்னை நாரோடு சிட்ரிக்–கிளிசரின் ரெசினைக் கலந்து ஹாட் பிரஸ்ஸில் அழுத்திய நாற்றுத் தொட்டியை நட்டால், பிளாஸ்டிக் பையைக் கிழித்து வீச வேண்டியதில்லை. தொட்டியோடு குழியில் வைத்துவிடலாம்.

இதைச் செய்ய மேற்குப் புறநகரில் இல்லாதது என்ன? டை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரஸ் இருக்கிறது. திருமுல்லைவாயிலில் மகளிர் தொழிற்பேட்டை, திருமழிசையில் சிட்கோ பேட்டை, ஆவடி–பூந்தமல்லிச் சாலைகளை ஒட்டி வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆண்டு செய்த ரெசின், ஆய்வேட்டோடு அலமாரியில் ஏறிவிடுகிறது. பட்டறைக்காரர் ஆறு மாதச் சோதனைக்குக் காத்திருக்கவோ செலவழிக்கவோ முடியாமல், சந்தையில் 'பயோ' என்று எழுதி வருவதை வாங்கிவிடுகிறார். இருவருக்கும் நடுவே ஒரு பொதுச் சோதனைக்கூடம் இல்லை என்பதே குறை.

அதை அமைப்பது எட்டாத காரியமில்லை. சான்றிதழுக்கான முழுச் சோதனை சிப்பெட்டில் நடக்கட்டும். அதற்கு முந்தைய சல்லடைச் சோதனைகளான அமில எண், ஜெல் அளவு, நீர் உறிஞ்சல், சிறு கலங்களில் கார்பன் டை ஆக்சைடு அளவீடு ஆகியவற்றைச் செய்ய ஒரு பெரிய அறையும், தேர்ந்த சில கைகளும் போதும். ஆக்மி இயந்திரக் கண்காட்சியை நடத்திக் காட்டும் அம்பத்தூர் தொழிலதிபர் சங்கமான ஐமாவும், சிட்கோவும், பக்கத்துக் கல்லூரிகளும் சேர்ந்தால் இது முடியும். நாற்றுத் தொட்டி வாங்கும் வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும், எங்கே எத்தனை நாளில் மக்கும் என்பதை டெண்டரிலேயே நிபந்தனையாக்கினால் சந்தை தானே பிறக்கும். எஃப்.ஆர்.பி. கழிவை அள்ளிப்போக வழியில்லாமல் தவிக்கும் சிறு முதலாளிக்கு, அவர் செய்யும் சரக்கில் ஒரு பகுதியாவது மண்ணுக்குப் போகும் என்றால் அதுவே பெரிய நிம்மதி.

ஒரு பொருளை வாங்கும்போது அது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு சூடு தாங்கும் என்று சான்றிதழ் கேட்கிறோம். கொடுக்காதவரிடம் வாங்குவதில்லை. அந்தப் பொருள் எப்படி முடியும் என்பதற்கும் அதே கறாரோடு சான்றிதழ் கேட்கத் தொடங்குவோம். கேட்கிற ஆள் இருந்தால், செய்து தருகிற கைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.